அரவிந்தனின் ‘கும்மாட்டி’: மாயமும் யதார்த்தமும் பற்றிய சில குறிப்புகள்

1

ஈழத்துத் தமிழ் விமரிசனத்தில் யதார்த்தவாதம் ஒரு கலைக்கோட்பாடாக மட்டுமன்றிச் சமூகக் கடப்பாட்டின் அளவுகோலாகவும் நெடுங்காலம் இயங்கிவந்துள்ளது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் முற்போக்கு இலக்கிய இயக்கம் அதனை முன்வைத்தமைக்கு வலுவான வரலாற்றுக் காரணங்கள் இருந்தன. திரைப்படத்தைப் பொறுத்தவரை அக்காரணங்கள் மேலும் கூர்மை பெற்றன. தென்னிந்திய வர்த்தகப் படங்கள் கனவுகளைப் பண்டமாக்கி விற்ற ஒரு சூழலிலே, கற்பனையின் அதீதங்களை விமரிசகன் ஐயத்துடன் நோக்கியமை இயல்பே.

ஆயின் ஐயம் விதியாக இறுகும்போது அது விமரிசனத்துக்குத் துணைசெய்வதில்லை. மாயம் இடம்பெறும் படைப்பு யாவும் மக்களை மயக்கும் படைப்பே என்ற தீர்ப்பு, படைப்பைப் பார்ப்பதற்கு முன்னரே எழுதப்பட்ட தீர்ப்பாகிவிடுகின்றது. அத்தீர்ப்பை ஒரு தனிப்படத்தைக் கொண்டு மறுபரிசீலனை செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அப்படம் ஜி. அரவிந்தன் 1979ஆம் ஆண்டில் மலையாளத்தில் நெறிப்படுத்திய ‘கும்மாட்டி’.

ஏறத்தாழ 90 நிமிடங்கள் ஓடும் இப்படத்திலே நட்சத்திர நடிகர்கள் இல்லை. தந்திரக் காட்சிகள் என்று சொல்லத்தக்கவை படத்தொகுப்பின் சில வெட்டுகளுக்கு அப்பால் இல்லை. எனினும் ஒரு சிறுவன் நாயாக மாறினான் என்பதைப் பார்வையாளர் முணுமுணுப்பின்றி ஏற்றுக்கொள்கின்றனர். இந்த ஏற்பு எவ்வாறு உண்டாகின்றது என்பது ஒரு வினா. அவ்வாறு உண்டான ஏற்பினாலே நாம் அறிந்துகொள்வது யாது என்பது மற்றொரு வினா. முன்னையது உருவம் சார்ந்தது. பின்னையது உள்ளடக்கம் சார்ந்தது. இவ்விரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை என்பதே ‘கும்மாட்டி’ தரும் பாடமாகும்.

2

அரவிந்தன் (1935–1991) திரைப்படக் கல்லூரியிலிருந்து வந்தவரல்லர். இந்திய இறப்பர்ச் சபையில் உத்தியோகம் பார்த்தவர், கேலிச்சித்திரக்காரர், இசையிலும் நாடகத்திலும் ஈடுபாடுள்ளவர். 1961இல் தொடங்கி ஒரு தசாப்தத்துக்கு மேலாக ‘மாத்ருபூமி’ வார இதழில் அவர் வரைந்த ‘சிறிய மனிதர்களும் பெரிய உலகமும்’ என்னும் தொடர்சித்திரம், கேரளத்து மத்தியதர இளைஞனின் வாழ்க்கையை ஆண்டுகள் தோறும் பின்தொடர்ந்து சென்றது. காவாலம் நாராயண பணிக்கரின் ‘அவனவன் கடம்ப’ என்ற நாடகத்தை மண்டபத்துள் அன்றித் திறந்த வெளியிலே மேடையேற்றியவரும் அவரே. நாட்டார் அரங்கின் ஆட்டத்தையும் பாட்டையும் நவீன அரங்குக்குக் கொணர முயன்ற அக்காலக் கேரளத்து முயற்சிகளுள் அது முக்கியமானது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை மீட்டெடுத்த முயற்சியை அறிந்த நமக்கு அத்தகைய தேடலின் பெறுமதியை விளக்கவேண்டியதில்லை.

‘கும்மாட்டி’யின் கதையும் காவாலத்தினுடையதே. ஒளிப்பதிவு ஷாஜி என். கருண். தயாரிப்பாளர் கொல்லத்தைச் சேர்ந்த முந்திரிப்பருப்பு ஏற்றுமதியாளரான ரவீந்திரன் நாயர். அரவிந்தனின் ‘காஞ்சன சீதா’ (1977), ‘தம்பு’ (1978) ஆகியவற்றுக்கும் பணம் முதலீடு செய்தவர் அவரே. பெரும் இலாபம் எதிர்பார்க்காத ஒரு தயாரிப்பாளர், சிறிய குழு, இயற்கை வெளிச்சம், உள்ளூர்ச் சிறுவர்கள் என்பனவே இப்படத்தின் மூலதனமாகும்.

படம் பிடிக்கப்பட்ட இடம் வட மலபாரின் சீமேனி. செம்பாறை மேடு, அதன்மேல் பரந்த புல்வெளி, ஆங்காங்கே தனித்து நிற்கும் மரம், இவற்றுக்கு மேலே மறைப்பின்றி விரியும் வானம். ஷாஜியின் கமரா இந்நிலத்தைப் பெரும்பாலும் தொலைவிலிருந்தே நோக்குகின்றது. மனிதர்கள் அகன்ற சட்டகத்தினுள் சிறு உருவங்களாக வருகின்றனர், நடந்து கடக்கின்றனர், மறைகின்றனர். நிலம் இங்கு கதைக்குப் பின்புலமன்று. மழையும் வெயிலும் மாறிவரும் ஓர் ஆண்டின் சுழற்சியே கதையின் கால அளவாகும்.

3

கும்மாட்டி என்பது கேரளத்தில் ஓணக் காலத்திலே புல்லுடையும் மரமுகமூடியும் அணிந்து ஆடப்படும் ஓர் ஆட்டத்தின் பெயர். அடங்காத பிள்ளையை அச்சுறுத்தத் தாய்மார் கூறும் பெயரும் அதுவே. நம்மவரின் பூச்சாண்டியை ஒத்தது. அரவிந்தன் காட்டும் கும்மாட்டி இவ்விரண்டிலும் கால்பதித்து நிற்கும் ஒரு முதியவர். தாடியும் முகமூடிகளுமாக, பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் ஆண்டுக்கொருமுறை ஊருக்கு வருகின்றார். அம்பலப்புழை ராவுண்ணி இப்பாத்திரத்தை ஏற்றுள்ளார். பிள்ளைகள் முதலில் அஞ்சுகின்றனர். பின்னர் ஒளிந்திருந்து பார்க்கின்றனர். ஈற்றில் அவரைச் சூழ்ந்துகொண்டு ஆடுகின்றனர். சிண்டன் என்னும் சிறுவன் அவருடன் மிகவும் ஒன்றிப்போகின்றான்.

ஊரைவிட்டுப் புறப்படும் நாளிலே கும்மாட்டி ஒரு விளையாட்டுக் காட்டுகின்றார். விலங்கு முகமூடிகளை அணிந்து ஆடும் பிள்ளைகள் அடுத்த கணம் உண்மையான விலங்குகளாகிவிடுகின்றனர். சற்று நேரத்தில் அவர்களைப் பழைய உருவத்துக்கு மீட்டுவிட்டுக் கும்மாட்டி சென்றுவிடுகின்றார். ஆனால் நாயாக மாறிய சிண்டன் விரட்டப்பட்டு ஓடியமையால் அக்கணத்தைத் தவறவிடுகின்றான். கும்மாட்டி மறுபடியும் வர ஓர் ஆண்டு செல்லும். அதுவரை அவன் நாய்.

இம்மாற்றத்தைக் காட்டுவதற்கு அரவிந்தன் கையாண்ட உத்தி மிகப் பழையது. ஒரு சட்டகத்தில் பிள்ளை. அடுத்த சட்டகத்தில் விலங்கு. பிரான்சியக் கலைஞர் ஜோர்ஜ் மெலியே 1890களின் பிற்பகுதியிலேயே கையாண்ட மாற்றீட்டு உத்தியிலிருந்து இது அதிகம் வேறுபட்டதன்று. ஆயின் மெலியே அவ்வுத்தியைத் தம் கலையகத்துத் திரைச்சீலைகளின் முன்னே நிகழ்த்தினார். அரவிந்தன் அதனைப் புல்வெளியிலே, பகல் வெளிச்சத்திலே நிகழ்த்துகின்றார். புகை இல்லை, மின்னல் இல்லை, அச்சமூட்டும் இசை இல்லை. மாயம் நிகழ்வதற்கு முன்னரும் பின்னரும் நிலம் அதே நிலமாகவே இருக்கின்றது.

முகமூடி அணிதல் என்பதே ஓர் உருமாற்றந்தான் என்பதை ஆதிச் சடங்குகள் முதல் கூத்துவரை மனிதகுலம் அறிந்துவந்துள்ளது. சடங்கிலிருந்து நாடகம் தோன்றிய வரலாற்றைக் கிரேக்க மரபைக் கொண்டு ஜோர்ஜ் தொம்சன் ஆராய்ந்தார். அவரிடம் பயின்ற கா. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்தார். அவ்வாய்வுகளின் வெளிச்சத்தில் நோக்கினால், ‘கும்மாட்டி’யில் நிகழ்வது வெறும் ஜாலமன்று எனத் தெரியவரும். முகமூடியை அணிந்தவன் அதுவாகவே ஆகின்றான் என்ற சடங்குநிலை நம்பிக்கையைத் திரைப்படத்தின் மிக அடிப்படையான செயலாகிய வெட்டு நிறைவேற்றிக் காட்டுகின்றது. நாட்டார் அரங்கு முகமூடியினாற் செய்ததைத் திரைப்படம் படத்தொகுப்பினாற் செய்கின்றது.

4

படத்தின் பிற்பகுதியே நமது கவனத்தை மிகவும் வேண்டிநிற்பது. நாயாகிய சிண்டனை நகரத்து வசதியான குடும்பமொன்று எடுத்துச் செல்கின்றது. அங்கே அவன் கட்டுண்டு கிடக்கின்றான். பின்னர் அங்கிருந்து நீங்கி ஊருக்குத் திரும்புகின்றான். தாய் அவனை இனங்கண்டுகொள்கின்றாள். பருவங்கள் மாறுகின்றன. ஆண்டு நிறைவிலே கும்மாட்டியின் பாட்டு மீண்டும் கேட்கின்றது. ஓடிவரும் நாயை அவர் அணைத்துக்கொள்ள, அது சிறுவனாகின்றது. வீடு திரும்பிய சிண்டன் செய்யும் முதற்காரியம், வீட்டுக் கூண்டிலே நெடுநாளாக இருந்த கிளியைத் திறந்துவிடுவதாகும். வானத்திலே பறவைகள் பறப்பதுடன் படம் நிறைவுறுகின்றது.

இப்பகுதி முழுவதிலும் நாம் காண்பது ஓர் உண்மையான நாய். அது பேசுவதில்லை, மனிதக் குரலில் அதன் எண்ணங்கள் ஒலிப்பதுமில்லை. பழக்கப்பட்ட விலங்கின் சாகசங்களை வைத்து இரசிகரைக் கவரும் வர்த்தகப்பட உத்தி எதுவும் இங்கு இல்லை. அது நடக்கின்றது, படுக்கின்றது, பார்க்கின்றது. அதனுள்ளே ஒரு சிறுவன் இருக்கின்றான் என்பதைக் காட்டுவதற்குத் திரையில் ஒன்றுமே இல்லை. அதனை நாமே எண்ணிக்கொள்ளவேண்டியுள்ளது. தாய் நாயினுள் மகனைக் காணும்போது செய்யும் அதே வேலையைப் பார்வையாளரும் செய்யுமாறு படம் கோருகின்றது. பெருஞ்செலவில் உருவாக்கப்படும் தந்திரக் காட்சி இவ்வேலையை நமக்காகச் செய்துமுடித்துவிடும். வியந்து பார்ப்பது மட்டுமே நமக்கு எஞ்சும். இங்கு அவ்வாறன்று. சாதனத்தின் எளிமை பார்வையாளரை உழைக்கச் செய்கின்றது. அவ்வுழைப்பினாலே படைப்பிற் பங்காளியாக்குகின்றது. குறைந்த செலவு என்பது இப்படத்தைப் பொறுத்தவரை மன்னிக்கவேண்டிய ஒரு குறையன்று. அதன் அழகியலே அதுதான்.

இனி உள்ளடக்கம். கிளியைத் திறந்துவிடும் செயல் நீதிக்கதைகளின் முடிவுகளை நினைவூட்டலாம். ஆனால் நீதிக்கதையில் யாரேனும் ஒருவர் நீதியைச் சொல்வர். இங்கு எவரும் எதனையும் சொல்லவில்லை. சிண்டன் தீயவனாக இருந்து திருந்தியவனல்லன். அவன் கிளியைத் துன்புறுத்தியவனுமல்லன். கிளியைக் கூண்டில் வைத்திருந்தது அன்பு. நாயை நகரத்து வீட்டிலே கட்டிவைத்ததும் ஒருவகை அன்பே. படத்தில் வில்லன் என்று சுட்டத்தக்கவர் எவருமில்லை என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. அடிமைத்தனம் கொடுமையின் உருவத்தில் வரும்போது அதனை இனங்காண்பது எளிது. அது பராமரிப்பின் உருவத்தில், வேளை தவறாமல் உணவளிக்கும் கையின் உருவத்தில் வரும்போது, கட்டுண்டவனின் இடத்தில் நின்று பார்த்தாலன்றி அது புலப்படுவதில்லை. சிண்டனை அவ்விடத்தில் நிறுத்துவதற்கே மாயம் தேவைப்படுகின்றது.

எனவே மாயம் இங்கு யதார்த்தத்திலிருந்து தப்பிச் செல்லும் வழியாக அமையவில்லை. யதார்த்தத்திலே பழக்கத்தினால் மறைந்துகிடந்த ஓர் உறவை வெளிக்கொணரும் வழியாகவே அமைகின்றது. கூண்டு படத்தின் தொடக்கத்திலிருந்தே அவ்வீட்டில் இருந்தது. சிண்டனும் அதனைக் கண்டான், நாமும் கண்டோம். எவருக்கும் அது ஒரு கேள்வியாகத் தோன்றவில்லை. ஈற்றில் அவன் கூண்டின் கதவில் கைவைக்கும்போதுதான், இவ்வளவு நேரமும் அதனைச் சாதாரணப் பொருளாகப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது நமக்கு உறைக்கின்றது.

சோவியத் நெறியாளர் ஐசன்ஸ்ரைன் நாற்பதுகளில் டிஸ்னியின் கேலிச்சித்திரப் படங்களைப் பற்றி எழுதியபோது, உருவம் எதுவாகவும் மாறவல்ல அத்தன்மையிலே, என்றென்றைக்குமாக விதிக்கப்பட்ட நிலைக்கு எதிரான ஒரு மறுப்பைக் கண்டார். மார்க்சியவாதியான ஒரு கலைஞர் உருமாற்றத்தை அவ்வாறு நோக்கியமை கவனத்துக்குரியது. ஆயின் ‘கும்மாட்டி’ வேறொரு திசையிற் செல்கின்றது. இங்கு உருமாற்றம் முதலில் விளையாட்டு, பின்னர் சிறை. மாறும் சுதந்திரத்தை அன்றி, மாறமுடியாது அகப்பட்டவனின் நிலையையே அரவிந்தன் நீளமாகக் காட்டுகின்றார்.

5

இதனோடு ஒப்பிடத்தக்க ஒரு படம் நமது நாட்டிலேயே உண்டு. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் நெறிப்படுத்திய ‘ரேகாவ’ கலையகத்தை விட்டு வெளியேறி, கிராமத்தின் இயற்கை வெளிச்சத்திற் பிடிக்கப்பட்ட சிங்களப்படம். அதிலும் ஊருக்கு வெளியிலிருந்து ஒரு வித்தைக்காரன் வருகின்றான், பொய்க்கால்களில் நடப்பவன். சேனா என்னும் சிறுவன் நோய்தீர்க்கும் ஆற்றல் பெறுவான் என அவன் கூறுகின்றான். பார்வையிழந்த தோழிக்குச் சேனாவின் தொடுகையினாற் பார்வை மீள, ஊர் அவனைக் கொண்டாடுகின்றது. பெரியவர்கள் சிலர் அதனைப் பணமாக்க முனைகின்றனர். வேறொரு பிள்ளை இறந்து, வரட்சியும் வந்தபின் அதே ஊர் அவன்மீது பாய்கின்றது.

இரு படங்களும் ஒரே மூலப்பொருளிலிருந்து எதிரெதிர்த் திசைகளிற் செல்கின்றன. ‘ரேகாவ’வில் மாயம் மக்களின் நம்பிக்கையாக உள்ளது. படம் அதற்கு வெளியே நின்று, அந்நம்பிக்கை எவ்வாறு இலாபத்துக்கும் வன்முறைக்கும் கருவியாகின்றது என ஆராய்கின்றது. ‘கும்மாட்டி’யில் மாயம் உண்மை நிகழ்ச்சி, படம் அதற்குள்ளே நிற்கின்றது. முன்னையதைச் சமூக விமரிசனம் என ஏற்று, பின்னையதை மூடநம்பிக்கை எனத் தள்ளுவது எளிது. ஆனால் அது கதைப்பொருளை மட்டும் பார்த்துத் தரும் தீர்ப்பாகும். பிள்ளை என்பவன் பெரியோரின் தேவைகளுக்கும் அச்சங்களுக்கும் எவ்வாறு ஆளாகின்றான் என்பதை ‘ரேகாவ’ காட்டுகின்றது. பிள்ளை ஒருவன் மற்றோர் உயிரின் நிலையை எவ்வாறு தன் அனுபவமாக்குகின்றான் என்பதைக் ‘கும்மாட்டி’ காட்டுகின்றது. ஒன்று மற்றையதற்கு மாற்றீடன்று. சத்யஜித் ராயின் ‘கூப்பி காயின் பாகா பாயின்’ (1969) பேய்களின் வரத்தைக்கொண்டு போருக்கு எதிராகப் பேசியதையும் இங்கு நினைவுகூரலாம். மாயத்தைக் கையாளுவதில் முற்போக்கான வழி ஒன்றே ஒன்றுதான் இருக்கவேண்டும் என்பதில்லை.

6

இவ்வாறு கூறுவது படத்தின் குறைகளை மறைப்பதற்கன்று. கும்மாட்டி வந்துபோகும் அக்கிராமத்திலே சாதி தென்படுவதில்லை. நிலம் யாருக்குரியது என்ற கேள்வி எழுவதில்லை. வெறும் பொதுப்படையான கிராமமாக இருந்தால் இதனைப் பெரிதுபடுத்தவேண்டியதில்லை. ஆனால் சீமேனிக்கு அயலூர் கையூர். 1941இல் அங்கு விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். அதன் தொடர்பில் நால்வர் 1943இல் தூக்கிலிடப்பட்டனர். கேரளத்து இடதுசாரி இயக்கத்தின் நினைவிலே அழியாத இடம்பெற்ற மண் அது. லெனின் ராஜேந்திரன் 1986இல் ‘மீனமாசத்திலே சூரியன்’ என்ற படத்தில் அவ்வரலாற்றை எடுத்தாண்டார். அதே நிலத்தை அரவிந்தனின் படம் வரலாறு தீண்டாத நிலமாகக் காட்டுகின்றது. காற்றும் புல்லும் வானமும் நிறைந்த அச்சட்டகங்களின் அழகு, அவற்றுக்கு வெளியே விடப்பட்டவற்றை மறக்கச் செய்யும் ஆற்றலும் உடையது. இதனைச் சுட்டுவது விமரிசகனின் கடமை.

மேலும், சிண்டனின் மீட்சி கும்மாட்டியின் வருகையிலேயே தங்கியுள்ளது. காத்திருப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. விடுதலையை வெளியிலிருந்து வரும் அருளாகக் காணும் நோக்கு இதில் உள்ளது என ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் படம் மீட்சியுடன் முடியவில்லை என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். சிண்டனுக்கு விடுதலை அருளப்பட்டது. கிளிக்கோ அது ஒருவனின் செயலினாற் கிடைத்தது. தான் பெற்றதை அவன் தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை. ஓராண்டு காலம் வாளாவிருந்து துன்புற்றவன் முதன்முதலாகச் செயற்படும் கணத்திலேயே படம் நிற்கின்றது. தனிமனித அறத்துக்கு அப்பால் அது செல்லவில்லை என்பது உண்மை. ஆனால் எந்தக் கூட்டுச் செயலுக்கும் முன்நிபந்தனையான ஓர் உணர்வை, பிறன் கட்டுண்டிருப்பதைத் தன் கட்டாக உணர்வதை, அது பிள்ளைகளுக்கும் புரியும் வகையில் உருவாக்கியுள்ளது.

7

‘கும்மாட்டி’ சிறந்த சிறுவர் படத்துக்கான கேரள அரசின் விருதைப் பெற்றது. அதன்பின் பல ஆண்டுகள் மலையாள எல்லைக்கு வெளியே அதனைக் கண்டோர் சிலரே. மூல நெகற்றிவ் எஞ்சவில்லை. இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்திற் பேணப்பட்டிருந்த பிரதிகளைக்கொண்டே, இந்தியாவின் திரைப்பட மரபு நிறுவனமும் மாட்டின் ஸ்கோர்சேசி தோற்றுவித்த உலக சினிமாத் திட்டமும் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரத் திரைப்படக் காப்பகமும் இணைந்து அதனை மீட்டெடுத்தன. 2021இல் பொலோஞ்ஞா விழாவிலே மீட்டெடுத்த பிரதி திரையிடப்பட்டது. செம்மண்ணின் நிறமும் புல்லின் நிறமும் மீண்டன. மொழியறியாத பார்வையாளர் பலர் அப்போதுதான் அரவிந்தனைக் கண்டுகொண்டனர்.

சிறு முதலீட்டிற் செய்யப்படும் படங்களுக்கு ஏற்படும் ஆபத்தை இவ்வரலாறு உணர்த்துகின்றது. பெருநிறுவனங்கள் தம் சொத்தாகப் பேணும் படங்களுக்கு உள்ள பாதுகாப்பு இவற்றுக்கு இல்லை. சில பிரதிகள் பழுதின்றி எஞ்சியிருந்தமையாலேயே இன்று நாம் இப்படத்தைப் பற்றிப் பேசமுடிகின்றது. 1983 யூலை வன்செயலின்போது ஹெந்தளையில் விஜயா கலையகம் எரியூட்டப்பட்டு, அங்கிருந்த படச்சுருள்கள் அழிந்தமையை அறிந்த நமக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. எஞ்சியிராத படத்தைப் பற்றி யதார்த்தவாதியும் பேசமுடியாது, மாயத்தை விரும்புவோரும் பேசமுடியாது. திரைப்பட விமரிசனமும் திரைப்படப் பேணுகையும் ஒரே பணியின் இரு பகுதிகள் என்பதை நமது பல்கலைக்கழகங்கள் இனியேனும் ஏற்றுச் செயற்படுதல் வேண்டும்.

தொகுத்துக் கூறின், ஒரு படைப்பில் மாயம் இடம்பெறுகின்றதா இல்லையா என்பது அதன் சமூகப் பெறுமதியைத் தீர்மானிக்கும் வினாவன்று. அம்மாயம் பார்வையாளரை உறங்கவைக்கின்றதா, அன்றி உழைக்கவைக்கின்றதா. நாம் காணாதிருந்த ஒன்றைக் காணச்செய்கின்றதா, அன்றிக் கண்டதையும் மறக்கச்செய்கின்றதா என்பனவே கேட்கவேண்டிய வினாக்கள். இவ்வினாக்களைக் கேட்டுப் பார்க்கும்போது, கையூரின் அயலில் நின்று கையூரைக் காணாத ‘கும்மாட்டி’, நம் வீடுகளில் தொங்கும் கூண்டைக் காணச்செய்துள்ளது. அதன் குறையையும் நிறைவையும் ஒருசேர மதிப்பிடவல்லதாக நமது விமரிசன அளவுகோல் விரிவடைய வேண்டும்.